ஒரு லட்சம் லூமன் டார்ச்ச நம்பி நண்டு வலைக்குப் போன கதை

போன வாடைக்காலத்துல டார்ச் லைட்டால மட்டும் எனக்கு போன காசு, வலை நட்டத்தையும் சேத்தா ஏழாயிரத்த தாண்டும். காசு போனா திரும்ப பாத்துக்கலாம், ஆனா அந்த ஒரு ராத்திரி கடல்ல பட்ட பாடு இருக்கே, அத யாருகிட்டயும் முழுசா சொல்லல, வீட்லயும் சொல்லல. டார்ச் வாங்குறதுக்கு முன்னாடி யாராவது ஒரு ஆள் பத்து நிமிஷம் உக்கார வச்சு இதையெல்லாம் சொல்லியிருந்தா அந்த ராத்திரியே வந்திருக்காது. அதான் எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும்.

எங்க ஊரு தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவுல. வடகடல், அதாவது பாக் விரிகுடா, ஆழம் கம்மி, ரெண்டு மூணு பாகம் (ஒரு பாகம்னா ஆறு அடி பக்கம்) தண்ணியிலயே நண்டு வலை விடுவோம். சாயங்காலம் வலைய விட்டுட்டு கரைக்கு வந்துட்டு, வெள்ளன ரெண்டு ரெண்டரைக்கு மறுபடி போய் வாங்கணும், விடியிறதுக்குள்ள கரை சேந்தாத்தான் ஏவாரிகிட்ட வெலை. அதனால பாதி வேலை இருட்டுலதான். வலைக்கு அடையாளமா மிதக்குற கொடி எங்க கெடக்குன்னு தேடணும், மிதப்ப புடிக்கணும், வலை ஏற ஏற உள்ள என்ன வருதுன்னு பாக்கணும். நண்டு மட்டுமா வருது, கெளுத்தி வரும், திருக்கை வரும், சில நாள் வலைக்கடியன் பாம்பும் சேந்து சுத்திக்கிட்டு வரும். வெளிச்சம் இல்லாம கைய விட்டா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல.

ஆரம்பத்துல எங்கிட்ட இருந்தது கடைத்தெருவுல 450 ரூபாய்க்கு வாங்குன டார்ச். பின்னாடி ரெண்டு முள்ளு வெளிய வரும், நேரா சுவத்து பிளக்குல சொருகி சார்ஜ் போடுற டைப், எல்லார் வீட்லயும் ஒண்ணு இருக்கும். அதுக்குள்ள இருக்குறது 4 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி, அதாவது பைக் பேட்டரியோட குட்டி. அந்த பேட்டரிக்கு ஒரு குணம், சார்ஜ் இறங்கி காலியா கெடந்தா உள்ள இருக்க ஈயத்தகட்டுல சல்பேட் படிஞ்சு இறுகிரும், அப்புறம் எவ்ளோ நேரம் சொருகி வச்சாலும் ஏறாது. புயல் எச்சரிக்கை, கடலுக்கு போகாதன்னு தொடர்ந்து அறிவிப்பு வந்துச்சு, நானும் டார்ச்ச மூலையில போட்டுட்டேன், திரும்ப எடுத்தப்ப அஞ்சு நிமிஷம் கூட நிக்கல. இந்த டைப்ப வீட்ல கரண்ட் போனா பாக்குறதுக்கு வச்சுக்கலாம், அதுவும் மாசம் ஒருக்கா மறக்காம சார்ஜ் போடுறவங்க மட்டும். கடலுக்கு லாயக்கு இல்ல, கனமும் ஜாஸ்தி.

சரி நல்லதா ஒண்ணு வாங்குவோம்னு போன்ல தேடுனா, அந்த நிமிஷத்துல இருந்து எத தொறந்தாலும் டார்ச் விளம்பரம்தான். ஒருத்தன் மலை மேல நின்னு எதிர் மலைக்கு அடிக்கிறான், மரம் மட்டை எல்லாம் பட்டப்பகல் மாதிரி தெரியுது. 1,00,000 லூமன் (மொத்த வெளிச்சத்தோட அளவு), 9900 எம்ஏஎச் (எவ்ளோ சார்ஜ் புடிக்கும்ங்கிற அளவு) பேட்டரி, மூணு கிலோமீட்டர் அடிக்கும், வாட்டர் ப்ரூஃப், முழு வெளிச்சத்துல எட்டு மணி நேரம், வெலை 899. முன்பக்கத்த இழுத்தா வெளிச்சம் குவியும், தள்ளுனா விரியும், ஜூம் டார்ச்சுன்னு சொல்றாங்கல்ல அது. வந்து சேந்த அன்னிக்கு தெருவுல நின்னு தென்னமரத்து உச்சிக்கு அடிச்சேன், பிள்ளைக எல்லாம் கூடிருச்சு, எனக்கும் பெருமை தாங்கல. நிலாக்காலத்துல அத வச்சு போயிட்டு வந்தப்ப கொறை ஒண்ணும் தெரியல, ஏன்னா டார்ச்ச அப்பப்ப தட்டி தட்டி அணைச்சுருவோம், தொடர்ந்து எரிய விடவே இல்ல.

அமாவாசைக்கு மக்யா நாள். கூட வர்ற மச்சானுக்கு காய்ச்சல், வலை கடல்ல கெடக்கு, விட்டா நண்டு செத்து வீணாயிரும்னு நான் மட்டும் கெளம்பிட்டேன். கொடி இருட்டுல சுத்தமா தெரியாததால டார்ச்ச அணைக்காம சுத்தி சுத்தி அடிச்சுக்கிட்டே தேடுனேன், ஒரு வழியா கண்டுபுடிச்சு எஞ்சின நிறுத்திட்டு வலைய வாங்க ஆரம்பிச்சேன். கால்வாசி கூட ஏறியிருக்காது, வெளிச்சம் மஞ்சளிச்ச மாதிரி கொறைய ஆரம்பிச்சுச்சு. மொத்தமா அரை மணி நேரம் எரிஞ்சிருந்தா அதிகம். தட்டுனேன், ரெண்டு தடவ மின்னுச்சு, அவ்ளோதான். கண்ணு அதுவரைக்கும் அந்த வெள்ளை வெளிச்சத்துலயே பழகியிருந்ததால அணைஞ்ச ஒடனே என் கை எனக்கு தெரியல, வள்ளத்தோட விளிம்பு தெரியல. கையில வலை, அந்த நேரம் பாத்து மணிக்கட்டு மேல வழவழன்னு என்னமோ ஊர்ந்து போச்சு. விலாங்கா, பாம்பா, கயிறா, இன்னிக்கு வரைக்கும் தெரியாது. ஒதறிட்டு அப்படியே உக்காந்துட்டேன்.

நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், இழுத்து வள்ளம் வலை மேலயே ஏறிருச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு எஞ்சின போட்டா ப்ரொப்பல்லர்ல வலை சுத்திக்கிச்சு. போன் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள்ள இருந்துச்சு, பத்து சதவீதம் சொச்சம் சார்ஜ், அந்த லைட்டுல தலைய தொங்கப்போட்டு பிச்சுவாக்கத்தியால வலைய அறுத்தேன். அறுக்கும்போதே அங்கிட்டு ஒரு விசைப்படகு சத்தம். சத்தம் கிட்ட வருது, அவங்க லைட்டு தெரியுது, நான் இருக்குறது அவங்களுக்கு தெரிய ஒரு பொட்டு வெளிச்சம் கூட எங்கிட்ட கெடையாது. போன் லைட்ட அவங்க பக்கம் காட்டி ஆட்டிக்கிட்டே தொண்டை கிழிய கத்துனேன். பாத்தாங்களா இல்ல அவங்க போக்குல போனாங்களா தெரியல, தள்ளித்தான் போனாங்க, ஆனா அந்த அலையில வள்ளம் ஆடுன ஆட்டத்துல நெஞ்சு வாய்க்கு வந்துருச்சு. அப்புறம் நங்கூரத்த போட்டுட்டு விடியிற வரைக்கும் உக்காந்திருந்தேன். பயத்த விட ஆத்திரம்தான் ஜாஸ்தி. எட்டு மணி நேரம்னு அச்சடிச்சு விக்கிறானே, அத நம்பி ஒருத்தன் எங்க நிப்பான்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருப்பானா. அறுத்த வலை, கண்டுபுடிக்க முடியாம போன வலை எல்லாம் சேத்து ஆறாயிரம் பக்கம் நட்டம், நண்டு காசு தனி.

உச்சிப்புளில சித்தப்பா மகன் மொபைல் சர்வீஸ் கடை வச்சிருக்கான், அவன்கிட்ட கொண்டு போனேன். கையில வாங்குன ஒடனே சிரிச்சுட்டான். "அண்ணே, 9900னு போட்டிருக்கே, இந்த சைஸ் பேட்டரில அவ்ளோ யாரும் இன்னும் செய்யவே இல்லண்ணே"ன்னான். டார்ச்சுக்குள்ள இருக்க அந்த உருளை பேட்டரிக்கு 18650னு பேரு, 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். அதுல நல்ல கம்பெனிக்காரன் போடுறதே பெரும்பாலும் 3500, 3600 எம்ஏஎச், மிஞ்சிப்போனா 4000 பக்கம்தான். இன்னும் கொஞ்சம் பெருசு 21700னு ஒண்ணு இருக்கு, அது 5000 பக்கம். ஆக 18650 மேல 5000, 8000, 9900னு எழுதியிருந்தா அந்த எழுத்தே பொய்க்கு சாட்சி, வேற டெஸ்ட்டே வேணாம். பக்கத்துல நாட்டு மருந்துக்கடை தராசுல வச்சு பாத்தோம், 29 கிராம். அவன் கடையில இருந்த ஒரிஜினல் செல் 46 கிராம். நல்ல 18650 எப்பவுமே 45 கிராம் பக்கம் இருக்கும், ரொம்ப லேசா இருந்தா உள்ள சரக்கு இல்லன்னு அர்த்தம். மேல் உறைய பிரிச்சா உள்ள பேர் இல்லாத இன்னொரு உறை, அவன் மெஷின்ல போட்டு பாத்ததுல ஆயிரத்து சொச்சம் எம்ஏஎச்தான் வந்துச்சு.

லூமன் கணக்கையும் அவன்தான் சொல்லிக் குடுத்தான், இத ஒருக்கா புரிஞ்சுக்கிட்டா எந்த விளம்பரமும் ஏமாத்த முடியாது. வீட்ல போடுற 9 வாட் எல்இடி பல்ப் டப்பாவ எடுத்து பாருங்க, 900 லூமன் பக்கம் போட்டிருக்கும். அதாவது ஒரு வாட்டுக்கு தோராயமா 100 லூமன், ரொம்ப நல்ல எல்இடின்னா 150. அப்ப ஒரு லட்சம் லூமன் வரணும்னா கொறஞ்சது 700 வாட் பக்கமாவது வேணும், சட்னி அரைக்கிற மிக்சி ஓடுற அளவு கரண்ட், அது விரல் நீள பேட்டரில எங்கிட்டு இருந்து வரும். அடுத்தது நேரம். 3000 எம்ஏஎச் செல்லுன்னா 3 ஆம்பியர் மணி, அத 3.6 வோல்ட்டால பெருக்குனா 10.8 வாட் மணி. ஆயிரம் லூமனுக்கு பத்து வாட் போகுதுன்னா ஒரு மணி நேரத்துல காலி. 300 லூமன்ல வச்சா மூணு மணி நேரத்துக்கு மேல நிக்கும். ஒரே செல்லு போட்டுக்கிட்டு முழு வெளிச்சமும் வேணும் எட்டு மணி நேரமும் வேணும்னா ரெண்டும் சேந்து நடக்காது. இன்னொண்ணு, நல்ல டார்ச்சுலயே டர்போன்னு இருக்க உச்ச வெளிச்சம் சில நிமிஷம்தான் நிக்கும், சூடானா தானா கொறைச்சுக்கும். அது கோளாறு இல்ல, எல்இடி கருகாம இருக்க அப்படி வச்சிருக்கான். அதனால வாங்கும்போது உச்சத்த பாக்காதீங்க, நடு மோடுல எவ்ளோ நேரம்னு பாருங்க, நம்ம பொழப்பு அதுலதான் ஓடுது.

தூரம் அடிக்கிறது வேற கணக்கு. அதுக்கு லூமன் இல்ல, ஒரே திசையில வெளிச்சம் எவ்ளோ குவியிதுன்னு சொல்ற கேண்டிலான்னு ஒரு அளவு. கேண்டிலாவோட வர்க்கமூலத்த ரெண்டால பெருக்குனா எத்தன மீட்டர்னு வரும். 10,000 கேண்டிலான்னா 200 மீட்டர், 40,000 இருந்தா 400 மீட்டர். நாலு மடங்கு ஏத்துனாத்தான் தூரம் ரெண்டு மடங்கு ஆகுது, பாத்துக்கங்க. அதுவும் அந்த 200வது மீட்டர்ல பௌர்ணமி நிலா வெளிச்சம் அளவுக்குத்தான் விழும், கொடிய அடையாளம் காணணும்னா அதுல பாதி தூரம்னு வச்சுக்கறது நல்லது. மூணு கிலோமீட்டர்னு போட்டவன் எவ்ளோ கேண்டிலா வேணும்னு கணக்கு போட்டிருந்தா அவனே வெக்கப்பட்டிருப்பான், இருபத்திரெண்டரை லட்சம்.

எங்க வேலைக்கு ரொம்ப தூரம் அடிக்கிற ஊசி வெளிச்சமும் ஒத்து வராது, ரொம்ப விரியிறதும் ஒத்து வராது. நடுவுல ஒரு பொட்டு, சுத்தி மங்கலா வெளிச்சம், அப்படி இருந்தா கொடியும் தேடலாம், வலையும் பாக்கலாம். காத்துல தண்ணி தெறிக்கும்போது நீலம் அடிக்கிற வெள்ளை வெளிச்சம் முகத்துக்கு நேரா திரும்பி வந்து கண்ண கூசும், 6500 கெல்வின்னு (வெளிச்சத்தோட நிறத்துக்கு அளவு) போட்டிருக்கது அந்த வகை. 5000, இல்ல அதுக்கும் கொஞ்சம் கீழ இருக்கதா வாங்குங்க, நிறம் நிறமா தெரியும். முந்தி இருந்த டார்ச்சுல நண்டு, பாசி, கயிறு எல்லாம் ஒரே சாம்பல் நிறம். இப்ப இருக்கதுல நண்டு கால்ல நீலம் தெரியுது, பாம்பு மேல பட்டை தெரியுது, கைய எடுக்க நேரம் கெடைக்குது. அதே மாதிரி ரொம்ப கொறைஞ்ச மோடு, பத்து இருபது லூமன், அது கட்டாயம் இருக்கணும். கண்ணு இருட்டுக்கு முழுசா பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும், ஒருக்கா முழு வெளிச்சம் அடிச்சா அத்தனையும் போச்சு, நட்சத்திர வெளிச்சத்துல தெரியிற கரை கூட தெரியாம போயிரும்.

தண்ணி விசயத்துக்கு வருவோம். ஜூம் டார்ச்ச கடல் பக்கமே கொண்டு போகாதீங்க. முன்னாடி இழுத்து தள்ளும்போது சைக்கிள் பம்ப்ல நடக்குறதுதான் அதுலயும் நடக்கும், காத்தோட ஈரத்தையும் உள்ள இழுக்கும். என் டார்ச்ச தம்பி கழட்டுனப்ப லென்சுக்கு உள்பக்கம் உப்பு பூத்திருந்துச்சு, பின்மூடில இருக்க ஸ்பிரிங் பச்சை பூத்து, நகத்தால தொட்டதும் ஒடிஞ்சு விழுந்துச்சு. வாட்டர் ப்ரூஃப்னு சும்மா எழுதியிருந்தா அதுக்கு மதிப்பே இல்ல. தண்ணி எவ்ளோ தாங்கும்னு ஐபிஎக்ஸ்னு ஒரு தர நம்பர் போடுவாங்க, ஐபிஎக்ஸ் 4ன்னா தெறிக்கிற தண்ணி மட்டும் தாங்கும். ஐபிஎக்ஸ் 7ன்னா ஒரு மீட்டர் ஆழத்துல அரை மணி நேரம் தாங்கும். 8ன்னா அதுக்கும் மேல, எவ்ளோ ஆழம்னு கம்பெனிக்காரனே போட்டிருக்கணும். நம்ம வேலைக்கு 7ல இருந்து மேல. இந்த டெஸ்ட்டெல்லாம் நல்ல தண்ணில செய்யிறது, உப்புத் தண்ணி ரப்பர் வளையத்தையும் மரையையும் அரிச்சுக்கிட்டே இருக்கும்ங்கிறத மனசுல வச்சுக்கங்க.

கடைசியா நான் வாங்குனது ஜூம் இல்லாத, முன்பக்கம் அசையாத, ஒரு 18650 போடுற டார்ச், செல்லு தனியா, ரெண்டும் சேத்து ரெண்டாயிரத்துக்கு உள்ள முடிஞ்சுச்சு. கான்வாய் எஸ்2 ப்ளஸ், சோஃபிர்ன் எஸ்சி31 ப்ரோ மாதிரி சைஸ்ல இருக்கதுக கம்மி வெலைல உண்மையான அளவு போடுறதுகன்னு தம்பி சொன்னான், வெலை அப்பப்ப மாறும். செல்லு கழட்டி மாத்துற மாதிரி இருக்கணும், உள்ளயே வச்சு அடைச்சத வாங்காதீங்க, ரெண்டு வருஷத்துல செல்லு போனா டார்ச்சும் குப்பைதான். செல்லுன்னா சாம்சங் 30க்யூ 3000 எம்ஏஎச், எல்ஜி எம்ஜே1 3500 எம்ஏஎச், இந்த மாதிரி பேர் தெரிஞ்சது. இதுலயும் போலி வருது, அதனால தராசு வேலைய மறக்காதீங்க. செல்லு தலை தட்டையா இருக்கதும் உண்டு, பொத்தான் மாதிரி துருத்திக்கிட்டு இருக்கதும் உண்டு, உங்க டார்ச் எத கேக்குதுன்னு பாத்து வாங்கணும், இல்லன்னா உள்ள போய் உக்காந்துக்கும், எரியாது. பாதுகாப்பு சர்க்யூட் வச்ச செல்லு சில மில்லிமீட்டர் நீளமா இருக்கும், மூடி இறுகாம போகலாம். சார்ஜிங் யூஎஸ்பி சின்னு போட்டிருந்தாலும் சில மலிவு டார்ச் ரெண்டு பக்கமும் சி முனை இருக்க புது போன் சார்ஜர்ல ஏறவே ஏறாது, பழைய தட்டை முனை சார்ஜர் கேபிள்ல மட்டும்தான் ஏறும். டார்ச் செத்துருச்சுன்னு நெனைச்சு தூக்கி போட்டுறாதீங்க, கேபிள மாத்தி பாருங்க.

டார்ச் கைக்கு வந்ததும் கடலுக்கு எடுத்துட்டு போகாதீங்க, திருப்பி அனுப்புற கெடு முடியிறதுக்குள்ள வீட்ல வச்சே எல்லாத்தையும் பாத்துருங்க. எனக்கு அந்த 899 திரும்பவே வரல, கெடு ஏழு நாள்தான்னு சொல்லிட்டான், உள்ள தண்ணி போயிருக்குன்னும் சொன்னான், வாட்டர் ப்ரூஃப்னு வித்தவனே. டப்பா பிரிக்கிறத போன்ல வீடியோ எடுங்க. முழு சார்ஜ் போட்டு, காலியானதும் மறுபடி சார்ஜ் போட்டு எவ்ளோ நேரம் ஆகுதுன்னு பாருங்க. ஒரு ஆம்பியர்ல ஏறுற சார்ஜர்ல 3000 எம்ஏஎச் செல்லு நெறைய மூணு மணி நேரத்துக்கு மேல ஆகணும், ஒரு மணி நேரத்துல ஃபுல்லுன்னு பச்சை லைட் எரிஞ்சா உள்ள ஆயிரம்தான். உச்ச வெளிச்சத்துல தொடர்ந்து எரிய விட்டு புடிச்சு பாருங்க, பத்து வாட் உண்மையா ஓடுனா அஞ்சு நிமிஷத்துல உடம்பு நல்லா சூடாகும், சில்லுன்னே இருந்தா அங்க வாட்டே இல்ல. வெலை கம்மியா சின்ன யூஎஸ்பி மீட்டர் கெடைக்குது, நடுவுல சொருகுனா எவ்ளோ எம்ஏஎச் ஏறுச்சுன்னு நம்பர்லயே காட்டிரும். ஏமாத்திட்டாங்கன்னு தெரிஞ்சா 1915னு தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கு, வீடியோ இருந்தா பேசுறதுக்கு தெம்பா இருக்கும்.

பராமரிப்பு பெருசா ஒண்ணும் இல்ல. கரைக்கு வந்ததும் மூடிய கழட்டாம அப்படியே நல்ல தண்ணில அலசி தொடைக்கணும், காஞ்சதுக்கு அப்புறம்தான் மூடிய தொறக்கணும். மரைக்கும் ரப்பர் வளையத்துக்கும் சிலிகான் கிரீஸ் கொஞ்சம், தேங்கா எண்ணெய், வாசலின் வேணாம், சில ரப்பர் ஊதிக்கிட்டு நொஞ்சு போகும். சார்ஜ் போட்டுட்டு தூங்கப் போகாதீங்க, பாய் தலைகாணி பக்கத்துல வைக்காதீங்க, லித்தியம் செல்லு தீப்புடிச்சா சாதாரணமா அணையாது. மாத்து செல்ல சட்டைப்பையில சில்லறை சாவியோட போடாதீங்க, ரெண்டு முனையும் ஒட்டுனா சுட்டுரும், பிளாஸ்டிக் டப்பா பத்து இருபது ரூபாய்தான்.

இன்னொரு விசயம், கையில புடிக்கிற டார்ச்ச மட்டும் நம்பி போகாதீங்க. வலை வாங்க ரெண்டு கையும் வேணும்ங்கிறதால தலையில மாட்டுற லைட்டு ஒண்ணு வாங்கிட்டேன், இப்ப முக்காவாசி வேலை அதுலதான், அதே 18650 செல்லு போடுறதா பாத்து வாங்குனதால ரெண்டுக்கும் மாத்தி போட்டுக்கலாம். வள்ளத்துல சின்ன கம்பு நட்டு நாலா பக்கமும் தெரியிற வெள்ளை லைட்டும் கட்டியாச்சு. சர்வதேச கடல் விதியிலயே 7 மீட்டருக்கு கொறைஞ்ச, 7 நாட் (மணிக்கு 13 கிலோமீட்டர் பக்கம்) வேகத்துக்கு மேல போகாத எஞ்சின் படகுக்கு அந்த ஒரு வெள்ளை லைட்டாவது இருக்கணும்னு இருக்கு, எங்க பக்கம் பாதி வள்ளத்துல கெடையாது. லைட்ட போட்டு மீன கூட்டி புடிக்கிறத 2017லயே மத்திய அரசு தடை பண்ணிருச்சு, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, ஒரு பெரியவர் என்கிட்ட "ஏம்ப்பா, லைட்டு கட்டுனா புடிச்சுருவாங்களா"ன்னு கேட்டாரு, அதுக்காக சொல்றேன். டார்ச்சுல மினுக்கு மினுக்குன்னு அடிக்கிற மோடு கரையில தொல்லைதான், ஆனா அன்னிக்கு ராத்திரி அது ஒண்ணு இருந்திருந்தா அந்த விசைப்படகுக்காரன் ரொம்ப தூரத்துலயே பாத்திருப்பான், அதனால எந்த பொத்தான எத்தன தடவ அமுக்குனா அது வருதுன்னு கண்ண மூடிக்கிட்டு போட பழகி வச்சுக்கங்க. போன்ல கடலோர காவல்படை 1554, கடலோர பாதுகாப்பு குழும போலீஸ் 1093, ரெண்டையும் சேவ் பண்ணிக்கங்க, சிக்னல் இருக்க தூரத்துலதான் நண்டு வலைக்காரங்க பெரும்பாலும் நிக்கிறோம், போன்ல சார்ஜ் இருந்தா போதும்.